ஒரே நீளக் கம்பு, மூன்று ஊர் நிழல்

மத்தியகோட்டுக்குக் கிட்ட இருந்தால் சூடு, தள்ளிப் போகப் போகக் குளிர் என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். எவ்வளவு தள்ளினால் வெயில் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்க்கத்தான் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவுக்குள் கம்பு நட்டேன்.

சாமான் பெரிதாக இல்லை: தரைக்கு மேல் சரியாக 1 மீற்றர் நிற்கும் கம்பு, நேர் பார்க்க மேசன்மாரின் தூக்குக்குண்டு, ஒரு அடிமட்டம். சிக்கல் நிழலின் நுனியில்தான். சூரியன் புள்ளியல்ல, வட்டம். அதனால் நுனி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குக் கலங்கித் தெரியும். கம்பின் தலையில் ஒரு வாசரை ஒட்டினேன். அதன் ஓட்டைக்குள்ளால் விழும் வெளிச்சப் பொட்டு துலக்கமாகத் தெரிகிறது. பொட்டின் நடுவை அளந்தால் போதும்.

நாள் மார்ச் 20. அன்று சூரியன் மத்தியகோட்டுக்கு நேர் மேலே நிற்பதால், உச்சி நிழல் காட்டும் கோணமே நாம் நிற்கும் அகலக்கோடு. மட்டக்களப்பில் அன்று உச்சி 12 மணிக்கல்ல, 12.10 தாண்டி. நிழல் வடக்கே பதின்மூன்றரை சென்ரிமீற்றர். கல்குலேட்டரில் போட்டால் 7.7 பாகை, தேசப்படத்திலும் அதுதான்.

அதே அளவில் ரொறன்ரோவில் மச்சாளும் லண்டனில் சித்தப்பாவும் தும்புத்தடி நட்டார்கள். ரொறன்ரோவில் கோடைகால நேரம் தொடங்கிவிட்டதால் உச்சி 1.25க்கு! சித்தப்பாவோ, “மனே, நிழல் கேக்கிறாய், முதல்ல கொஞ்சம் வெயில் அனுப்பு” என்றார். மேகம் விலகி அவர் அளந்தது 1 மீற்றர் 25. மச்சாளுக்கு 95 சென்ரிமீற்றர். கணக்குப் பார்த்தால் லண்டன் 51 பாகை சொச்சம், ரொறன்ரோ 43 அரை.

இரவில் ரோச் லைட்டைக் கட்டங்கீறிய தாளுக்கு நேரே பிடித்து, பிறகு தாளை லண்டன் கோணத்துக்குச் சரித்தேன். வெளிச்சம் நீண்டு, ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான கட்டங்களில் பரவி மங்கியது. குளிரின் காரணம் அந்தத் தாளிலேயே தெரிகிறது: அதே வெளிச்சம், கூடுதல் நிலம்.

ஆனால் ரொறன்ரோவின் நிழல் லண்டனை விடக் கட்டை. அப்படியென்றால் சூடு கூட இருக்க வேண்டுமே? ஜனவரிச் சராசரி வெப்பநிலை லண்டனில் 5 பாகை செல்சியஸுக்கு மேல், ரொறன்ரோவில் பூச்சியத்துக்குக் கீழே. அத்திலாந்திக் கடலின் சூட்டை மேற்குக் காற்று லண்டனுக்குச் சுமந்து வருகிறது. ரொறன்ரோவுக்கோ உறைந்த நிலப்பரப்பின் காற்று. கம்புக்குக் காற்று தெரியாது.

எங்கள் ஊரிலும் அதே கதைதான். சூரியன் நேர் உச்சிக்கு வருவது சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன், பிறகு செப்டெம்பர் தொடக்கத்தில். ஜூனில் அது வடக்கே போய்விட, நிழல் தெற்கே 28 சென்ரிமீற்றர் விழும். ஆனாலும் ஊர் காய்வது அந்த மாதங்களில்தான். தென்மேல் பருவக்காற்று மலையின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு சூடேறி இறங்குகிறது. அதுதான் நம் கச்சான் காற்று.

அடுத்ததாக நுவரெலியாவைக் கணக்கில் எடுத்தேன். அகலக்கோடு 7 பாகை. அங்கே கம்பு நட்டாலும் நிழல் ஒரு சென்ரிமீற்றர் சொச்சம்தான் குறையும். உயரம் மட்டும் 1,870 மீற்றரளவு. உயரம் ஏற ஏற வெப்பநிலை கிலோமீற்றருக்கு ஆறரை பாகை வீதம் குறைய, 12 பாகை கழியும். எங்கள் ஆண்டுச் சராசரி 28இல் அது போக 16. நுவரெலியாவின் சராசரியும் ஏறத்தாழ அதுவே.