குரூப் 1 தேர்வுக்காகப் புவியியல், சுற்றுச்சூழல், ஆட்சியியல் மூன்றையும் சேர்த்துப் படித்த அனுபவம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வில் முதல்நிலை, முதன்மை, நேர்முகம் ஆகிய மூன்று கட்டங்களையும் தமிழ்வழியில் எழுதிக் கடந்தவன் என்ற முறையில், பாடத்திட்டத்தின் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். வரலாறு, பொருளாதாரம், திறனறிவு போன்றவற்றுக்கு நான் கடைப்பிடித்த முறையில் புதுமை எதுவும் இல்லை. புவியியலையும் சுற்றுச்சூழலையும் ஆட்சியியலையும் தனித்தனிப் பாடங்களாக வைத்துக்கொள்ளாமல் ஒரே பாடமாகப் படித்தது மட்டும், என் மதிப்பீட்டில், தேர்வின் போக்கையே எனக்குச் சாதகமாக மாற்றியது.

முதல்நிலைத் தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். அதற்கான அடிப்படையைப் பள்ளிப் பாடநூல்களே தருகின்றன என்பதைத் தேர்வுக்குத் தயாராகும் அனைவரும் அறிவர். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் உள்ள தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள், மானுடப் புவியியல் ஆகிய பாடங்களையும், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் புவியியல், அரசியல் அறிவியல் நூல்களையும் முதலில் முடித்தேன். இந்த நூல்களைப் பற்றி ஒரு குறை சொல்லலாம். அவற்றில் மண் வகைகள், ஆறுகள், சரணாலயங்கள், திருத்தச் சட்டங்கள் எல்லாம் பட்டியல்களாக வருகின்றன. பட்டியலைப் பார்த்ததும் மனப்பாடம் செய்யத் தோன்றுகிறது. ஆனால் முந்தைய ஆண்டு வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தால், கூற்று–காரணம் வகை வினாக்களும், ‘பின்வருவனவற்றுள் சரியானவை எவை’ என்ற வகை வினாக்களும் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் அந்தக் காரணம் அந்தக் கூற்றை விளக்குகிறதா என்று கேட்கும் வினாவுக்குப் பட்டியல் உதவுவதில்லை.

ஆகவே நில வரைபடத்திலிருந்து தொடங்கினேன். ஓர் அட்லஸ், மாவட்ட எல்லைகள் மட்டும் உள்ள வெற்று வரைபடத் தாள்கள், அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு ஆகிய மூன்றும் எப்போதும் மேசையில் இருந்தன. தென்மேற்குப் பருவக்காலத்தில் தமிழகக் கடற்கரை ஏன் வறண்டிருக்கிறது என்ற எளிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். அரபிக்கடல் கிளைக்கு நாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இருக்கிறோம்; வங்கக்கடல் கிளையோ நம் கரைக்கு ஏறக்குறைய இணையாகவே வடக்கு நோக்கிச் சென்றுவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, ஆரவல்லி மலைத்தொடர் அரபிக்கடல் கிளையின் திசைக்கு இணையாக அமைந்திருப்பதால் இராஜஸ்தானின் மேற்குப் பகுதி வறண்டிருக்கிறது என்பது தனியாக நினைவில் வைக்கவேண்டிய செய்தியாக இல்லை. காசிக் குன்றுகளின் தென்சரிவிலுள்ள மௌசின்ராமில் கொட்டும் மழை, அதே குன்றுகளின் மறுபுறத்தில் உள்ள ஷில்லாங்கில் ஏன் பெருமளவு குறைகிறது என்பதும் அதே காரணத்தின் நீட்சிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் இடைவெளி விழும் பாலக்காட்டுக் கணவாயையும் ஆரல்வாய்மொழிக் கணவாயையும் வரைபடத்தில் குறித்ததும், உடுமலைப்பேட்டைப் பகுதியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் திரண்டு நிற்பதற்கான விடையும் அங்கேயே கிடைத்துவிட்டது.

இந்த மூன்று பாடங்களும் எங்கே கூடுகின்றன என்பதை எனக்கு முழுமையாகக் காட்டியது காவிரி. டெல்டாவில் குறுவை சாகுபடிக்காக மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்த நேரத்தில் தஞ்சாவூரில் பெரிய மழை கிடையாது. குடகுப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை பெய்து கர்நாடக அணைகள் நிரம்பினால்தான் மேட்டூருக்கு நீர் வரும். சம்பா பயிரோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. ஒரே வயல் இரண்டு பருவங்களை, அவற்றில் ஒன்றை இன்னொரு மாநிலத்தின் வழியாக, எதிர்பார்த்து நிற்கிறது என்ற புவியியல் உண்மையிலிருந்துதான் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகளைப் பற்றிய அரசமைப்பின் 262ஆம் உறுப்பு எனக்குப் பொருள்படத் தொடங்கியது. நீர் என்பது, மாநிலங்கள் சட்டம் இயற்றும் பொருள்களைக் கொண்ட மாநிலப் பட்டியலில் 17ஆவது இனம். மாநிலங்களுக்கிடையிலான ஆறுகளை ஒழுங்குபடுத்துவது ஒன்றியப் பட்டியலில் 56ஆவது இனம். 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டத்தின்கீழ் 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில் வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பில், மாநில எல்லையிலுள்ள நீரளவை நிலையமான பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குத் தரவேண்டிய அளவு 192 டி.எம்.சி.யிலிருந்து (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி. டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டது, 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்காக என்பதைப் படித்தபோது, நிலத்தடி நீர் பற்றிய பாடம் நீதிமன்றத் தீர்ப்பின் எண்ணாக மாறுவதைக் கண்டேன். 262ஆம் உறுப்பு நீதிமன்றங்களின் அதிகார வரம்பை விலக்க நாடாளுமன்றத்துக்கு இடம் தரும்போது உச்ச நீதிமன்றம் எப்படி இந்த வழக்கை விசாரித்தது என்ற ஐயமும் எழவேண்டும்; நடுவர் மன்றத் தீர்ப்பை எதிர்த்து, சிறப்பு அனுமதியின்பேரில் மேல்முறையீட்டுக்கு இடம் தரும் 136ஆம் உறுப்பின்கீழ் வந்த மேல்முறையீடுகள் ஏற்கத்தக்கவை என்று அந்நீதிமன்றம் 2016 டிசம்பரில் முடிவு செய்திருந்தது.

இதே முறையில் முல்லைப்பெரியாற்றையும் எடுத்துக்கொண்டேன். 1886ஆம் ஆண்டின் குத்தகை ஒப்பந்தம், 1895இல் பயன்பாட்டுக்கு வந்த அணை, மேற்கே பாயும் பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் ஏற்பாடு, அணையைச் சூழ்ந்துள்ள பெரியாறு புலிகள் காப்பகம், மாநிலங்களுக்கிடையிலான வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் தொடுக்க இடம் தரும் 131ஆம் உறுப்பின்கீழ் தமிழகம் தொடுத்த வழக்கில் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த அனுமதித்த 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு, 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் அடங்கின. தாமிரபரணி இதற்கு நேர்மாறு. அது தமிழகத்திலேயே தோன்றித் தமிழகத்திலேயே கடலில் கலப்பதால் நடுவர் மன்றத்துக்கே வேலையில்லை.

சுற்றுச்சூழல் சட்டங்கள்தாம் பலருக்கும் சலிப்பூட்டும் பகுதி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974, வனப் பாதுகாப்புச் சட்டம் 1980, காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986 என்று ஆண்டுகளை ஒப்புவிப்பதில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. எந்த அதிகாரத்தைக் கொண்டு நாடாளுமன்றம் இவற்றை இயற்றியது என்று ஒவ்வொன்றிடமும் கேட்டபோது ஆண்டுகள் தாமாகவே வரிசையில் நின்றன. 1972இல் வனவிலங்கு மாநிலப் பட்டியலில் இருந்தது. ஆகவே மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டதன்பேரில் 252ஆம் உறுப்பின்கீழ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நீர் மாநிலப் பொருள் என்பதால் 1974ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வழியில்தான் வந்தது. 1976இல் 42ஆவது திருத்தம் காடுகளையும் வனவிலங்குப் பாதுகாப்பையும், ஒன்றியமும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் கடமையாகவும் குடிமக்களின் கடமையாகவும் சொல்லும் 48அ, 51அ(எ) ஆகிய உறுப்புகளையும் அதுவே சேர்த்தது. அதன் பிறகு 1980ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்கு மாநிலங்களின் தீர்மானம் தேவைப்படவில்லை. காற்றுச் சட்டமும் 1986ஆம் ஆண்டுச் சட்டமும் 1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் மாநாட்டின் முடிவுகளைச் செயல்படுத்துவதாகத் தம் முகப்புரையிலேயே சொல்கின்றன. பன்னாட்டு உடன்பாடுகளை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் 253ஆம் உறுப்பு அங்கே வருகிறது. 1984 டிசம்பரின் போபால் நச்சுவாயு விபத்தும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணி என்பதால் அந்த ஆண்டும் மறக்காது. ஆட்சியியலில் ‘ஒன்றிய–மாநிலச் சட்டமியற்றும் உறவுகள்’ என்று தலைப்பிட்டுக் கொடுக்கப்படும் வறண்ட பகுதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் இதுவரை கண்டதில்லை. இரண்டு பாடங்களுக்கும் தனித்தனியே குறிப்பெடுத்திருந்தால் இந்தத் தொடர்பு கண்ணில் பட்டிருக்காது.

பன்னாட்டு உடன்படிக்கைகளையும் இதன் பக்கத்திலேயே எழுதினேன். 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உயிரியற் பன்முகத்தன்மை உடன்படிக்கையின் எதிரே 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்முகத்தன்மைச் சட்டம். ஈரநிலங்களைக் காப்பதற்கான 1971ஆம் ஆண்டின் ராம்சர் உடன்படிக்கையின் எதிரே கோடியக்கரை, பள்ளிக்கரணை, பிச்சாவரம், கூந்தன்குளம் என்று வரைபடத்தில் புள்ளிகள். இந்தியாவில் ராம்சர் தகுதி பெற்ற இடங்கள் அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு என்பதால் இதிலிருந்து வினா வரும் வாய்ப்பு எப்போதும் உண்டு. உயிர்க்கோளக் காப்பகங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றையும் வெற்று வரைபடத்தில் நானே குறித்துப் பார்த்தேன். அதற்கு மேல் அவற்றில் நேரம் செலவிடத் தேவையில்லை.

நீதிமன்றத் தீர்ப்புகளில் எல்லாவற்றையும் படிக்க முனைவது வீண். வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு தொடர்பான 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கட்டாயம் படிக்கவேண்டும். மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். நீலகிரிக் காடுகள் தொடர்பாகத் தொடங்கி நாடு முழுவதற்கும் ‘காடு’ என்பதன் வரையறையை விரித்த கோதவர்மன் வழக்கும் அவ்வாறே முக்கியமானது. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகள் பரிசீலிக்கட்டும் என்று 2013இல் வந்த தீர்ப்பு, ஊராட்சிகள் பற்றிய 73ஆவது திருத்தத்தையும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையும் ஒன்றாகப் படிக்க வைத்தது.

நடப்பு நிகழ்வுகளை நாளிதழிலிருந்து கத்தரித்துச் சேர்ப்பதை விரைவிலேயே நிறுத்திவிட்டேன். மாத இதழ்களாக வரும் தொகுப்புகளைப் பலர் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். எனக்கு அவை ஒத்துவரவில்லை. ஒரு செய்தி என் வரைபடத்திலோ அரசமைப்பின் ஏதேனும் ஓர் உறுப்பிலோ ஒட்டினால் மட்டும் அதை எடுத்துக்கொள்வேன். மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி அப்படி ஒட்டியது. 2022இல் உயிரியற் பன்முகத்தன்மைச் சட்டத்தின்கீழ் மாநில அரசு அதைப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிமத் தொகுதியை ஒன்றிய அரசு ஏலம் விட்டது. 2024 டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. கனிமங்கள் குறித்த மாநிலப் பட்டியலின் 23ஆவது இனம் ஒன்றியப் பட்டியலின் 54ஆவது இனத்துக்குக் கட்டுப்பட்டது என்ற ஒற்றை வாக்கியத்தை இந்த நிகழ்வு முழுமையாக விளக்குகிறது. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தையும் இதனுடன் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிவைத்தேன்.

முதன்மைத் தேர்வில் ஆட்சியியல் ஒரு தாளிலும் புவியியலும் சுற்றுச்சூழலும் இன்னொரு தாளிலும் வருகின்றன. தாள்கள் வேறானாலும் விடையில் பாடங்களைப் பிரிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மாநிலங்களுக்கிடையிலான உறவுகள் பற்றிய வினாவுக்குக் காவிரிப் படுகையின் சிறு வரைபடம் ஒன்றை வரைந்தால் ஒரு பத்தி எழுதும் நேரம் மிச்சமாகிறது; ஈரநிலப் பாதுகாப்பு பற்றிய வினாவில் உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய பொருள்களை அடுக்கும் 11ஆவது, 12ஆவது அட்டவணைகளைக் குறிப்பிட்டால் விடை நிர்வாகியின் விடையாக மாறுகிறது. தமிழில் எழுதும்போது கைவேகமே பெரிய தடை என்பதால், வரைபடத்தைப் பென்சிலில் அரை நிமிடத்தில் முடிக்கும் அளவுக்குப் பழகிக்கொண்டேன். மாதிரித் தேர்வு விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர் ஒருவர், ‘படத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது தம்பி, படம் விடையோடு பேசவேண்டும்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதன் பிறகு, எழுத்தில் குறிப்பிடாத எதையும் படத்தில் வரைவதில்லை, படத்தில் உள்ள எதையும் எழுத்தில் குறிப்பிடாமல் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நேர்முகத் தேர்வில், துணை ஆட்சியராகப் பொறுப்பேற்ற இடத்தில் ஓர் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்திலிருந்து தொடங்கி, அந்த ஏரி எந்தச் சங்கிலித்தொடர் ஏரிகளில் ஒன்று, உபரிநீர் எங்கே போகிறது என்பதை அளந்த பிறகே எல்லைக்கல் நடவேண்டும் என்றும், குடியிருப்பவர்களுக்கு மாற்று இடம் தருவதற்கான முன்மொழிவை அதே கோப்பில் சேர்க்கவேண்டும் என்றும் சொன்னேன். வடகிழக்குப் பருவமழை தொடங்க ஒரு மாதமே இருந்தால் என்ன செய்வீர்கள் என்று குறுக்குக் கேள்வி வந்தது. அப்படியானால் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்தின் வழியாக முதலில் வரத்துக் கால்வாயையும் உபரிநீர் வெளியேறும் கலிங்கையும் திறந்துவிட்டு, அகற்றும் நடவடிக்கையை மழைக்குப் பின் வைத்துக்கொள்வேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். ஏரியின் நீர்பரவல் வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டே அதற்கும் விடை சொன்னேன்.