பக்கத்து வள்ளம் இல்லாத கடல்: கீழக்கரை நாட்குறிப்பு

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு வழியாகப் படகு கரையேறி முட்டுக்கட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டது. 28 அடி, ஃபைபர் உடம்பு, ஒற்றைப் பாய்மரம். அடியில் ஈயம் வைத்த கீல் (படகு கவிழாமல் பிடிக்க அடியில் நீண்டிருக்கும் பாகம்) இருப்பதால் தண்ணீருக்குக் கீழே நாலரை அடி நிற்கும். நம் ஊர் வள்ளக்காரர்களுக்கு இது வேடிக்கை. முழங்கால் தண்ணீரில் குதித்துக் கரைக்கு நடந்துவர முடியாத படகு என்ன படகு என்று பையன்கள் கேட்கிறார்கள்.

திட்டம் இதுதான்: ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்பி, தீவுகளுக்கு வெளியே போய், கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு கொச்சி. ஏறக்குறைய 240 கடல்மைல். மணிக்கு 4 மைல் என்று வைத்தாலும் இரண்டரை நாள். நான், லாத்தா (அக்கா) மகன், தண்டல் மாமா, மூன்றே பேர்.

தண்டல் மாமா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, பாய் கட்டிக் கொழும்புக்கு ஓடியவர். எழுபதைத் தாண்டிவிட்டார். படகை இரண்டு சுற்று வந்து, அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "மருமவனே, ராத்திரி இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவ?"

கப்பல் எஞ்சின் ரூமில் 19 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். சட்டென்று பதில் வரவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

படகில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு இரண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. இன்று நான்கையும் சுத்தியல் காம்பால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். மூன்று "டங்" என்றன. நான்காவது தட்டியவுடன் கையோடு வந்துவிட்டது.

உடைந்த இடம் செப்பு நிறத்தில், வெளிறிய ரோஸாக இருந்தது. பார்த்ததுமே புரிந்தது. அது வெண்கல வால்வு அல்ல. வீட்டுக் குழாய்க்குப் போடும் சாதாரணப் பித்தளை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கடல் தண்ணீர் அதிலிருந்து துத்தநாகத்தை மட்டும் மெல்ல மெல்லத் தின்றுவிடும். மிஞ்சுவது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான செம்பு. வெளியே பெயின்ட் அடித்திருந்தால் யாருக்கும் தெரியாது. முன்னால் வைத்திருந்தவர் நூறு இருநூறு மிச்சம் பிடித்திருக்கிறார்.

ஒரு அங்குல ஓட்டை, தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே இருந்தால் நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். வாளியால் இறைத்துப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு என்று தெரியும். தூங்குகிற நேரமென்றால் கால் நனையும்போதுதான் விஷயமே தெரியவரும்.

நான்கையும் கழற்றி எறிந்துவிட்டு வெண்கலத்துக்கு ஆர்டர் போட்டாயிற்று. ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு ஹோஸ் கிளிப், திருகு உட்பட முழுக்க 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். படகு ஆசாரியான ஓடாவியிடம் சொல்லிக் கூம்பு வடிவில் நான்கு அடைப்புக் கட்டைகள் செதுக்கச் சொன்னேன். தேக்கில் செய்யட்டுமா என்றார். வேண்டாம், கடினமான கட்டை ஊறாது. மென்மரம்தான் தண்ணீரில் உப்பி இறுக்கும். கல்யாண முருங்கையில் செய்து கொடுத்தார். கட்டையை அலமாரியில் வைக்கக் கூடாது. அந்தந்த வால்வின் கழுத்திலேயே கயிற்றால் கட்டித் தொங்கவிட வேண்டும். இருட்டில், தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவும்போது அகப்பட வேண்டுமே.

பிப்ரவரி 22, ஞாயிறு

நோன்பு தொடங்கிவிட்டது. பகலில் வெயில் வேலை முடியாது. அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

பாய்மரத்தைப் படுக்கவைத்துத் தாங்குகம்பிகளைப் பார்த்தோம். உம்மாவிடம் பஞ்சு வாங்கி வந்து கம்பி நெடுக உருவினேன். அறுந்த இழை எங்கே இருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். கையால் உருவினால் சதை மாட்டும். கம்பிகளில் ஒன்றும் இல்லை. ஆனால் இடப்பக்கத்துக் கீழ்முனையில், கம்பி செருகி அழுத்திய இடத்தில், துருக்கறை. பூதக்கண்ணாடியில் மயிரிழை விரிசல் தெரிந்தது. பெரும்பாலும் கீழ்முனைதான் முதலில் போகும். உப்புத் தண்ணீர் கம்பி வழியே இறங்கி அங்கே தேங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது காற்றுப் படும் இடத்தில்தான் உண்மை. காற்றுப் புகாத சந்தில் உப்புத் தண்ணீர் நின்றால் அதுவும் போகும். ஒன்று போனால் மற்றவையும் அதே வயசுதானே. எல்லாவற்றையும் மாற்றுகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது லாத்தா மகன் அபிலாஷ் டோமி பற்றிக் கேட்டான். 2013இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த நம் கடற்படை அதிகாரி. 2018 செப்டம்பரில் கோல்டன் குளோப் பந்தயத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடலில், புயல் அவர் படகைப் புரட்டிப் பாய்மரத்தை ஒடித்துவிட்டது. முதுகெலும்பில் அடி, எழுந்து நடக்க முடியவில்லை. பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் வந்து தூக்க மூன்று நாள் ஆனது. மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "மூணு நாள் தூரத்துல பக்கத்து வள்ளம்" என்றார்.

அவர் முதல் நாள் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் அர்த்தம் பிடிபட்டது. நம் கடற்கரையில் யாரும் தனியாகக் கடலுக்குப் போவதில்லை. பத்து வள்ளம் சேர்ந்து போகும். எஞ்சின் நின்றால் துண்டை எடுத்து வீசு, பக்கத்து வள்ளம் வந்து கயிறு போடும். லைஃப் ஜாக்கெட் ஏன் போடுவதில்லை என்று அவர்களைத் திட்டுகிறோமே, அவர்களுக்குப் பக்கத்து வள்ளம்தான் லைஃப் ஜாக்கெட். அது சரியென்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் போகும் இடத்தில் அந்த வள்ளம் இருக்காது. வாங்கும் ஒவ்வொரு சாமானும் அதற்குப் பதிலாக வருவது.

மார்ச் 1, ஞாயிறு

டீசல் தொட்டியின் அடியிலிருந்து இரண்டு லிட்டர் கறுப்புக் கூழ் வந்தது. பாதி காலியான தொட்டியில் ஈரம் வியர்த்துத் தண்ணீராகும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கூழாகும். கரையில் எஞ்சின் அழகாக ஓடும். அலையில் படகு குலுங்கும்போதுதான் கூழ் கலங்கிப்போய் ஃபில்டரை அடைக்கும். அதாவது எஞ்சின் தேவைப்படும் அதே நேரத்தில் நிற்கும்.

கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஃபில்டர் போட்டேன். தண்ணீர் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். லாத்தா மகனைக் கண்ணைக் கட்டிவிட்டு ஃபில்டர் மாற்றி, குழாயில் புகுந்த காற்றை எடுக்கச் சொன்னேன். முதல் தடவை 40 நிமிடம், நான்காவது தடவை 12. "இதெல்லாம் ராகிங் மாமா" என்கிறான்.

மார்ச் 8, ஞாயிறு

மண்டபம் கடலோரக் காவல்படைக்கும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் பயண விவரக் கடிதம் கொடுத்தோம். படகின் படம், நிறம், ஆட்கள், எந்த நாள் எங்கே. இன்னொரு அலுவலகத்தில் "மீன் பிடிக்கலன்னா எதுக்குக் கடலுக்குப் போறீங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கென்று ஒரு கட்டம் அவர்கள் படிவத்தில் இல்லை, பாவம்.

கூப்பிடும் வழிகள் மூன்று. கரையோரத்தில் கைபேசி, கடலோரக் காவல்படை எண் 1554. கரையை விட்டுப் போகப்போக அது செத்துவிடும். அடுத்தது விஎச்எஃப் ரேடியோ, அவசர அழைப்புக்கான சேனல் 16. இது பார்வைக் கோட்டில்தான் போகும் என்பதால் ஆன்டெனாவைப் பாய்மர உச்சியில் வைத்தோம். கையில் பிடிக்கும் செட் ஒன்றும் உண்டு, ஆனால் அது நாலைந்து மைலுக்குத்தான். மூன்றாவது ஈபெர்ப். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அடையாளத்தையும் இடத்தையும் அனுப்பும் மஞ்சள் டப்பா. நம் நாட்டுக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில், இஸ்ரோவிடம் இருக்கிறது. பதிவு செய்யாத ஈபெர்ப் ஊர்பேர் தெரியாத அழுகை மாதிரி. யார் படகு, வீட்டில் யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. பதிவு முடிந்தது. வீட்டு எண்ணாக லாத்தா எண்ணைக் கொடுத்தேன். என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

படகை விட்டு இறங்க நேர்ந்தால் ஏறிக்கொள்ளும் உயிர்காப்பு மிதவைக் கூடாரம் பற்றி மாமாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். அவர் வேண்டாம் என்கிறார். எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை இல்லை. 1979இல் பிரிட்டன் பக்கம் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயல் அடித்து 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். 24 படகுகளை விட்டுவிட்டு ஆட்கள் இறங்கினார்கள். அவற்றில் மூழ்கியவை 5. மற்றவை மிதந்துகொண்டே இருந்தன. படகு காலடியில் இருக்கும்வரை படகுதான். ஆனாலும் வாங்கினேன். மிதக்கும் படகும் தீப்பிடிக்குமே. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டரை வெளித்தட்டில், தண்ணீர் வடிவது போலவே கேஸும் வெளியே வடியும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

பெருநாள் முடிந்தது. படகு தண்ணீரில். வால்வுகள் ஒரு சொட்டு விடவில்லை. காற்றாடித் (புரொப்பெல்லர்) தண்டு வெளியே போகும் இடத்து அடைப்பான கிளாண்ட் மட்டும் கொஞ்சம் சொட்டுகிறது. அது சொட்டத்தான் வேண்டும்.

மார்ச் 27, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு அப்பா தீவுக்கு வெளியே போனோம். தீவுகளை ஒட்டிப் போக முடியாது. 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தவிர, பவளப்பாரில் நங்கூரம் போடுவது பாவம். நம் கீலுக்கும் நல்லதல்ல.

ஆள் விழுந்தால் என்ன செய்வது என்று பழக ஒரு மட்டைத் தேங்காயைத் தூக்கிப் போட்டேன். தண்ணீரில் மனுஷன் தலை அவ்வளவுதான் தெரியும். 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) வேகத்தில் ஒரு நிமிடத்தில் படகு 150 மீட்டர் போய்விடும். பாயை இறக்கித் திரும்புவதற்குள் தேங்காயைக் காணோம். பட்டப்பகல், சின்ன அலை, மூன்று ஜோடிக் கண்கள். 11 நிமிடம் கழித்துத் தற்செயலாக அகப்பட்டது. இரண்டாவது தேங்காய் போனது போனதுதான்.

அப்புறம் லாத்தா மகன் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தானே குதித்தான். அவனைத் தூக்குவது தேங்காய் தேடுவதைவிடப் பெரிய பாடு. 70 கிலோ, நனைந்த துணி, படகின் விளிம்பு மூன்றடி உயரம். நானும் மாமாவும் அக்குளைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். அவனும் சிரித்து, நாங்களும் சிரித்து, சிரிப்பு நின்றபோதும் அவன் தண்ணீரில்தான் இருந்தான். கடைசியில் பெரிய பாயைத் தூக்கும் கயிற்றை ஜாக்கெட் வளையத்தில் மாட்டி, வின்ச்சில் (கயிறு இழுக்கும் உருளை) சுற்றி ஏற்றினோம். மயங்கிய ஆளென்றால் வளையத்தை யார் மாட்டுவது? ஒருவர் இறங்க வேண்டும். அப்போது மேலே மிச்சம் ஒருவர்.

ஆகவே விழக் கூடாது, அதுதான் சட்டம். முன்னிருந்து பின்வரை தட்டையான நாடா இழுத்துக் கட்டியாயிற்று. கம்பிக் கயிறு காலில் உருளும், நாடா உருளாது. இருட்டியதும், தனியாகக் காவல் இருக்கும்போதும் இடுப்பு வாரை அதில் மாட்டாமல் யாரும் வெளியே வரக் கூடாது. மாமா முகம் சுளித்தார். "மாட்டைக் கட்ற மாதிரி." கட்டிக்கொண்டார்.

மார்ச் 29, ஞாயிறு

நேற்றிரவு முழுதும் கடலில். 20 மைல் தெற்கே. மாலையில் தெற்குக் காற்றான சோழகம் மெல்ல வீசியது, நடுச்சாமத்தில் செத்தது, விடியலுக்கு முன் கரைக்காற்று. நிலா இரண்டரை மணி வாக்கில் மறைந்த பிறகு இருட்டு.

வலைகள்தான் பயம். சிலவற்றின் மிதவையில் மினுக்கும் விளக்கு உண்டு, சிலவற்றில் இல்லை. கீலில் மாட்டினால் அறுக்கச் சுக்கான் பக்கத்திலேயே ஒரு கத்தி கட்டியிருக்கிறோம். அறுத்தால் ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பாத்தியம் போகும். அதனால் இரண்டு பேர் விழித்திருந்தோம்.

மூன்றரைக்குப் பாயைத் திருப்பிக் கட்டி, படகைக் கிட்டத்தட்ட நின்ற நிலையில் விட்டோம். புயலில் ஓய்வெடுக்க இதைத்தான் செய்ய வேண்டும் என்பதால் ஒத்திகை. கொஞ்ச நேரத்தில் டார்ச் வெளிச்சம். ஏர்வாடிப் பக்கத்து வள்ளம் ஒன்று வலையை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றது.

"என்ன காக்கா (அண்ணே), எஞ்சின் ரிப்பேரா? கயிறு போடட்டுமா?"

ரிப்பேர் இல்லை, பழகுகிறோம் என்றேன். அந்த நேரத்தில் அங்கே நின்று என்ன பழகுகிறோம் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. நாலு ஊளி மீனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். மாமா பதிலுக்குத் தொதல் (எங்கள் ஊர் இனிப்பு) பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். பயணத்துக்கு வைத்திருந்தது.

ஏப்ரல் 3, வெள்ளி

நாளை கிளம்புவதாக இருந்தோம். இன்று கள்ளக்கடல் எச்சரிக்கை. எங்கோ தெற்கே, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையில் ஏறும். ஆழத்தில் அது தொட்டில் மாதிரி ஆட்டிவிட்டுப் போய்விடும். ஆழம் குறைந்த இடத்தில்தான் எழும்பி உடையும். எங்களுக்கோ பவளப்பாருக்கு நடுவே இருக்கும் வாய்க்கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும், நாலரை அடி கீலோடு.

லாத்தா மகனுக்கு முகம் தொங்கிவிட்டது. வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, இதற்கா நிற்பது என்கிறான். 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுகள் 61 நாள் கரையில். கடலில் வலை குறையும், கயிறு போட ஆளும் குறையும். அதற்குள் போய்விட வேண்டும் என்று எனக்கும் அரிப்புதான். மாமா வானத்தைப் பார்க்கவில்லை. கரையில் அலை ஏறி இறங்கும் இடைவெளியை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினெட்டு வரை எண்ணினார்.

"செவ்வாய்க்கிழமை பாப்போம்" என்றார்.

நங்கூரக் கயிற்றை இன்னும் நாலு பாகம் (24 அடி) விட்டுக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். தொதலுக்கு மறுபடி சொல்லியாயிற்று.