தொட்டி இருந்த பக்கம்

விற்பனைக்கு வரும் வீடுகளை விளம்பரத்துக்குப் படம் எடுப்பது என் தொழில். அப்படி ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டியைப் படத்திலிருந்து அழிக்க மாட்டேன் என்று சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதன் பிறகு வீட்டுக்காரப் பெரியவர் கேட்ட கேள்விக்கு அன்று பதில் வரவில்லை. இப்போதும் பாதிப் பதில்தான் இருக்கிறது.

2023 ஏப்ரல். அமெரிக்காவின் அரிசோனாவில், ஸ்காட்ஸ்டேல் நகர எல்லைக்கு வெளியே இருக்கும் ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸில் விற்பனைக்கு வந்த வீடு. அந்த வருஷம் ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் நகரம் அங்கே போகும் தண்ணீர் லாரிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. கொலராடோ ஆற்றில் நீர் குறைந்துவிட்டது, எங்கள் எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தர முடியாது என்றது நகரம். லாரிகள் இன்னும் தூரத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தன, விலையும் ஏறியது. பாத்திரம் கழுவத் தண்ணீர் போதாமல் காகிதத் தட்டில் சாப்பிட்டவர்களைப் பற்றியும், மழைநீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றியவர்களைப் பற்றியும் செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம். அப்படியோர் இடத்தில் வீடு விற்க வேண்டுமென்றால் விற்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

தொட்டி கரும்பச்சை நிறம், ஐயாயிரம் காலன், அதாவது சுமார் 19,000 லிட்டர். நம் ஊர்க் கண்ணுக்கு அது பெரிய சைஸ் சின்டெக்ஸ், அவ்வளவுதான். லாரிக் குழாயை மாட்டும் இடத்தில் சொட்டிச் சொட்டித் தரையில் ஒரு ஈர வட்டம், அதில் கொஞ்சம் புல். சுற்றிலும் சரளைக்கல்லும் சோய்யா (cholla) கள்ளியுமாகக் கிடக்கும் நிலத்தில் பச்சையாக இருந்தது அந்த ஒரு முழம்தான். நான் ட்ரைபாடை நட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு காடைகள் வந்து அங்கேயே கொத்திக்கொண்டிருந்தன.

வீட்டின் பின்பக்கம் கிழக்கு பார்த்தது. சூரியன் முதுகுப்பக்கம் இறங்கும்போது எதிரே ஃபோர் பீக்ஸ் மலையின் நான்கு முகடுகளும் ரோஜா நிறத்துக்கு வரும். அந்த வெளிச்சம் போனதும் வீட்டுக்குள் எரியும் விளக்கும் வெளியே இருக்கும் வானமும் சமமாக நிற்கும் நேரம் இருபது நிமிடம் கூட வராது. வீட்டை விற்றுக்கொடுக்கும் படம் அந்த இருபது நிமிடத்தில் கிடைப்பதுதான். அதற்குச் சரியான கோணத்தில் நின்றால் மலைக்கும் வீட்டுக்கும் நடுவே தொட்டி.

“எடிட் பண்ணும்போது எடுத்துவிடுங்கள்” என்று வீட்டை விற்றுத்தரும் ஏஜென்ட் முன்பே குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். பெரியவரும் பக்கத்தில் வந்து நின்று அதையே கேட்டார். என் விதியைச் சொன்னேன். நாளைக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடியதை அழிப்பேன்: குப்பைத்தொட்டி, தோட்டத்து ஹோஸ், சரளையில் டயர் தடம். தரையோடு நிற்பதை அழிக்க மாட்டேன்: மின்கம்பம், பக்கத்து வீட்டுக் கூரை, இந்தத் தொட்டி. இந்தத் தொழிலில் இருக்கும் பலரும் வைத்திருக்கும் விதிதான் இது. ஏஜென்ட்டுகளின் தேசியச் சங்க நெறிமுறையில் 12-வது பிரிவே விளம்பரம் உண்மையான சித்திரத்தைத் தர வேண்டும் என்கிறது.

“சரி” என்றார். கோபப்படவில்லை. நான் சமாதானமாக, “கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நின்றால் தொட்டி தானாக அந்தப் பாலோ வெர்டி மரத்துக்குப் பின்னால் போய்விடும்” என்றேன். மரம் அப்போது முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. எதையும் மறைக்கும்.

அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்கள் கால் மறைத்தால் அது நேர்மை, கம்ப்யூட்டர் மறைத்தால் பொய்யா?”

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பதில் சொல்லாமல் நகர்ந்து நின்று எடுத்தேன்.

அன்றிரவு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதே பதில் தேட ஆரம்பித்துவிட்டேன். எந்தப் படமும் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் என் தொழிலே. நான் நின்ற இடத்தில் வந்து நிற்கிற எவருக்கும் தொட்டி தெரியாது. அழித்த படத்தில் அப்படி ஓர் இடமே உலகத்தில் கிடையாது. இந்த வித்தியாசம் உண்மையான வித்தியாசம், இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் மற்றதெல்லாம் நினைவுக்கு வருகிறது. ஜூலை, ஆகஸ்ட் புழுதிக்காற்றில் வானம் பழுப்பாக இருந்தால் வேறொரு நாளின் நீல வானத்தை வைக்கிறேன். எரியாத கணப்பில் தீ வைக்கிறேன். 16 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸில் படுக்கையறை கல்யாண மண்டபம் மாதிரி விரிகிறது. அந்த அறையில் எங்கே நின்றாலும் மனிதக் கண்ணுக்கு அப்படித் தெரியாது. அதற்கெல்லாம் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. தொட்டியில் மட்டும் ஏன் விறைத்துக்கொண்டு நின்றேன்?

ஒரு காரணம் எனக்குத் தெரியும். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்த தெருவில் வளர்ந்தவன் நான். தண்ணீர் எப்படி வருகிறது என்பது அந்த வீட்டைப் பற்றிய முதல் செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது. ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸில் அது இன்னும் கூடுதல் உண்மை. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் மனை பிரித்து விற்க 100 வருஷத்துக்குத் தண்ணீர் உறுதி காட்ட வேண்டும். அரிசோனாவின் 1980 நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆனால் ஆறு மனைக்குக் கீழே பிரித்தால் அந்த உறுதி தேவையில்லை. ஐந்தைந்தாகப் பிரித்தே ஊர் வளர்ந்தது. ஆக, அந்தத் தொட்டி ஒரு மூலையில் நிற்கும் பிளாஸ்டிக் பொருள் மட்டும் இல்லை. அந்த வீடு அங்கே எப்படி வந்தது என்பதன் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

இப்படி யோசிக்கும்போது பெரியவரின் பக்கமும் கண்முன் வருகிறது. சட்டத்தின் சந்தில் புகுந்து பணம் பார்த்தவர் அவர் இல்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லை, டூசானில் இருக்கும் மகளுக்குப் பக்கத்தில் போக வேண்டும், அதற்கு வீடு விற்க வேண்டும். விவரப் படிவத்தில் தண்ணீர் லாரியில் வருகிறது என்று தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். “படிப்பவர்களிடம் நான் எதையும் மறைக்கவில்லை. பார்ப்பவர்கள் ஒருமுறை வந்து பார்த்தால் போதும், தொட்டியைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வர வேண்டும்” என்றார். இதில் எதைத் தவறென்று சொல்வது? என் விதி ஏஜென்ட்டுக்கு ஒரு சங்கடம், அவ்வளவுதான். அதன் சுமை விழுந்திருந்தால் அவர் மேல்தான் விழுந்திருக்கும்.

இரண்டு கோணப் படங்களையும் அனுப்பினேன். கூடவே ட்ரோனில் எடுத்ததும் போனது, அதில் தொட்டி பளிச்சென்று தெரியும். விளம்பரத்தில் பூத்த மரம் மட்டும் வந்தது. கோடையில் வீடு விற்றுப்போனது. அக்டோபரில் தற்காலிக ஏற்பாடாக ஸ்காட்ஸ்டேல் வழியாக மறுபடி தண்ணீர் ஓட ஆரம்பித்தது. வாங்கியவர்கள் தொட்டியைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். நேரில் வராமல், வெளி மாநிலத்திலிருந்து படத்தைப் பார்த்தே வாங்குபவர்களும் இங்கே உண்டு என்பதால் ‘இருப்பார்கள்’ என்று மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு வீட்டில் மின்கம்பம் குறுக்கே நின்றது. தள்ளி நின்று சுவருக்குப் பின்னால் விட்டுவிட்டேன், மனசு உறுத்தவில்லை. கம்பம் கண்ணுக்குத்தான் தொந்தரவு, தொட்டி என்றால் ஒரு குடும்பத்தின் அன்றாடம், அதனால் அதற்கு மட்டும் நகரக்கூடாது என்று இப்போது ஒரு புது விதி மனசில் உருவாகிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அன்று அவருக்காக நகர்ந்திருக்கவே கூடாது. ஆனால் அன்று நகர்ந்ததற்காக நான் வருத்தப்படவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலைக்கும் போகப்போகிறேன்.