அம்பாசடர் போட்ட ஊளை
ஆரியங்காவு போய்த் திரும்பும்போது அம்பாசடரின் பின்பக்கம் ஒரே ஊளை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறொன்று. செங்கோட்டைப் பட்டறையில் கியர் ஆயிலை வடித்தால் சட்டியில் இரும்புப் பொடி மினுங்குகிறது. சரி, பிரித்தாக வேண்டியதுதான்.

இரண்டு பக்க ஆக்சிலையும் உருவி, விசையைப் பின்னால் கொண்டுவரும் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால், அதைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் முன்பக்கமாக அப்படியே வந்துவிடுகிறது. (இந்த வண்டியில் சுலபமாகக் கழலும் ஒரே சாமான் இதுதான் என்பேன்.) அதற்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும், அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னதும். மெக்கானிக்கிடம் கேட்டேன்:

"கிரவுனை மட்டும் மாத்துனா போதாதா தம்பி?"

"ரெண்டும் ஜோடியா இழைச்சு வர்றது அண்ணாச்சி. பழைய பினியனோட போட்டா மறுபடியும் கத்தும்."

ஜோடியாகவே போட்டாயிற்று. பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றி, பற்கள் உரசும் தடம் நடுவில் விழும்வரை ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றிக்கொண்டே இருந்தார் மெக்கானிக். பாதி நாள் அதற்கே போனது. அப்புறம் ஈபி 90 கியர் ஆயில். 2014-ல் உற்பத்தி நின்ற வண்டிக்குத் தென்காசியிலேயே உதிரி கிடைத்ததுதான் எனக்கு ஆச்சரியம்.