180-600 லென்ஸும் 1.4 டெலிகன்வெர்ட்டரும்: கிட்டத்தில் கெட்டி, தூரத்தில் சுமார்

1.4 டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி உருவத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ்) மாட்டி எடுத்த படங்களையும் மாட்டாமல் எடுத்த படங்களையும் ஒருவழியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு முடித்தேன். இதை வாங்கியதே எட்டாத தூரத்தில் உட்கார்ந்து வெறுப்பேற்றும் பறவைகளுக்காகத்தான். அந்த வேலையில் இது சுமார் ரகம். ஆனால் பத்தடி தள்ளி உட்கார்ந்த தட்டானை எடுத்துப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன். எதற்கு வாங்கினேனோ அதற்கு உதவாமல், நினைக்காத வேலைக்குக் கெட்டிக்காரனாக இருக்கிறது.

லென்ஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கேமரா நிக்கான் இசட் மவுன்ட் (மவுன்ட் என்பது லென்ஸ் மாட்டும் வாய்), 45 மெகாபிக்சல். போட்டி 2015-ல் வந்த 200-500 மி.மீ. (இதுதான் ஃபோக்கல் லெங்த்; கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) எஃப் 5.6-க்கும் 2023-ல் வந்த இசட் 180-600 எஃப் 5.6-6.3-க்கும் இடையே. பழையதில் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் கூடினால் ஒளி குறையும்) கடைசி வரை 5.6-ல் நிற்கும், 1.4 போட்டால் 700 எஃப் 8, அழகான கணக்கு. ஆனால் ஜூம் செய்தால் குழல் வெளியே நீளும், பழைய மவுன்ட் என்பதால் அடாப்டர் வேறு வேண்டும். 180-600-ல் எல்லாம் உள்ளுக்குள்ளேயே நகர்கிறது; வளையத்தை 70 டிகிரி திருப்பினால் இந்த முனையிலிருந்து அந்த முனை. நீளம் மாறாததால் கிம்பலில் (கனமான லென்ஸைத் தாங்கும் ட்ரைபாட் தலை) ஒருமுறை பேலன்ஸ் செய்துவிட்டால் போதும். அதற்காகவே எஃப் 6.3-ஐப் பொறுத்துக்கொண்டேன். எடை கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அரை மணி நேரம் கையில் பிடித்தால் தோள்பட்டை முறையிடும். அதைப் பேசிப் பயனில்லை.

வேறு மவுன்ட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெலிகன்வெர்ட்டர் சேருமா என்று லென்ஸ் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கன்வெர்ட்டரின் முன் கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். லென்ஸின் பின்பக்கம் அதற்கு இடம் வேண்டும். கேனன் ஆர்எஃப் 100-500-ல் 300-க்கு மேல் ஜூம் செய்த நிலையில்தான் எக்ஸ்டெண்டரை (கன்வெர்ட்டருக்குக் கேனன் வைத்த பெயர்) மாட்டவே முடியும். மாட்டிய பிறகு 300-க்குக் கீழே போகவும் முடியாது, அதாவது லென்ஸைச் சுருக்கிப் பைக்குள் வைக்கவும் முடியாது. சிக்மாவின் மிரர்லெஸ் 150-600 ஸ்போர்ட்ஸ், எல் மவுன்ட்டில் கன்வெர்ட்டரை ஏற்கும், சோனி மவுன்ட்டில் ஏற்காது. ஒரே லென்ஸ், மவுன்ட் மட்டும் வேறு! கேனன்காரர்களிடம் 200-800 இருக்கிறது; கன்வெர்ட்டரே இல்லாமல் 800-ல் எஃப் 9. நான் கூடுதலாக ஒன்றை மாட்டி 840-ல் அதே எஃப் 9-க்கு வருகிறேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1.4 போட்டால் ஒரு ஸ்டாப் ஒளி, அதாவது பாதி, போய்விடும், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) ஏறும், படம் முழுக்க நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) என்று பயமுறுத்துவார்கள். திரையில் ஐஎஸ்ஓ ஏறுவது உண்மை. ஆனால் 600-ஐ 6.3-ஆல் வகுத்துப் பாருங்கள்: 95 மி.மீ. 840-ஐ 9-ஆல் வகுத்தால் 93. இரண்டும் ஒரே திறப்புதான், மாட்டியது பின்பக்கம்தானே. பறவை மேலிருந்து வரும் ஒளி முன்பு எவ்வளவு உள்ளே நுழைந்ததோ இப்போதும் அவ்வளவே நுழைகிறது. கன்வெர்ட்டர் அதை சென்சாரில் இரண்டு மடங்கு பரப்பில் விரித்துக் காட்டுகிறது. ஆகவே 600-ல் ஐஎஸ்ஓ 1600 வைத்து எடுத்து கிராப் செய்த (ஓரங்களை வெட்டிய) படமும், 840-ல் அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 3200-ல் எடுத்த படமும், பறவை ஒரே அளவில் தெரியும்படி வைத்தால், நாய்ஸ் விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். என் படங்களிலும் அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று கேட்டால் நாய்ஸை வைத்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் லாபம் எங்கே? லென்ஸ் வரைகிற உருவத்தில் பிக்சலுக்குள் அடங்காத நுணுக்கம் மிச்சம் இருந்தால், கன்வெர்ட்டர் அதைப் பெரிதாக்கிப் பிக்சலுக்குக் கொடுக்கும். மிச்சம் இல்லையென்றால் வெறும் மங்கலைத்தான் பெரிதாக்கும். 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேமில் (36×24 மி.மீ. சென்சார்) ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 6 மைக்ரான், என்னுடையதில் 4.3 சொச்சம். அதனால் 24 மெகாபிக்சல்காரருக்கு இந்தக் கன்வெர்ட்டரால் கிடைக்கும் லாபம் என்னுடையதைவிட அதிகம். நான் 1.4 மடங்கு கிராப் செய்தாலும் கையில் 23 மெகாபிக்சல் மிஞ்சுகிறது. கன்வெர்ட்டர் அதைத் தோற்கடித்தாக வேண்டும். சோதனை முழுக்க இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

சோதனைக்கு அச்சடித்த கோடுகளை வைக்காமல், உதிர்ந்து கிடந்த ஓர் இறகை அட்டையில் குத்திவைத்தேன். இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்பதுதான் நமக்கு வேண்டியது, கறுப்பு வெள்ளைக் கோடு அல்ல. ட்ரைபாட், எலக்ட்ரானிக் ஷட்டர், தாமத டைமர், விஆர் (நடுக்கம் குறைக்கும் வசதி) அணைத்தாயிற்று, முன்னால் ஃபில்டர் கிடையாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

தெரியாமல் பலர் கோட்டை விடுவது ஃபோக்கஸில். ஒவ்வொரு நிலைக்கும் ஒரே ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது லென்ஸை அல்ல, ஆட்டோஃபோக்கஸின் அன்றைய மனநிலையை. 840-ல் கிட்டத்தில் எடுக்கும்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் மிக மெல்லியது; ஃபோக்கஸ் ஒரு துளி பின்னால் போனால் போதும், கன்வெர்ட்டர் மோசம் என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோக்கஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, புதிதாகப் பிடிக்க வைத்தேன். ஒருமுறை கிட்டத்திலிருந்து, அடுத்த முறை தூரத்திலிருந்து. நிலைக்கு ஒரு கொத்துப் படங்கள், அதில் சிறந்ததை மட்டும் ஒப்பிடுவதற்கு. மீதியைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை படம் தேறவில்லை என்பதும் ஒரு தகவல்தான். கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்த கொத்தில் எல்லாமே ஏறக்குறைய ஒரே தரம். கன்வெர்ட்டர் போட்டதில் சிறந்த படத்துக்கும் மோசமான படத்துக்கும் இடைவெளி கூடிவிட்டது.

இன்னொன்று, ஷார்ப்பனிங். ரா (கேமராவின் மூலக் கோப்பு) மென்பொருள் தானாகப் போடும் அளவு 840-ல் எடுத்த முழுப் படத்துக்கும் 600-ல் எடுத்து 1.4 மடங்கு பெரிதாக்கிய படத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. அதைச் சுழியத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் இரண்டையும் அவரவர்க்கு ஏற்றபடி கூர்மையாக்கிப் பாருங்கள். முதல் நிலையில் தெரிகிற வித்தியாசத்தில் பாதி இரண்டாவதில் காணாமல் போகிறது.

முடிவு இதுதான். அட்டை கிட்டத்தில் இருந்தபோது கன்வெர்ட்டர் தெளிவாக வென்றது. இறகின் நடுத்தண்டுக்குப் பக்கத்தில் கிராப்பில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்த இழைகள் 840-ல் பிரிந்து நின்றன. எஃப் 9-ல் லேசான ஒரு மூட்டம், எஃப் 11-க்குப் போனால் அதுவும் விலகுகிறது. அட்டையைத் தள்ளிக்கொண்டே போகப் போக வித்தியாசம் சுருங்கியது. வெயில் ஏறிய பிறகு தூரத்தில் வைத்து எடுத்ததில் வித்தியாசமே இல்லை. சொல்லப்போனால் கிராப் செய்ததே பார்க்க நன்றாக இருந்தது.

காரணம் காற்று. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று அலை அலையாக ஒளியை வளைக்கிறது. தூரம் கூடக் கூட இடையில் இருக்கும் காற்றும் கூடுகிறது. அந்த அலையை எந்தக் கண்ணாடியும் சரிசெய்யாது, பெரிதாக்கித்தான் காட்டும். அதே இடத்தில் விடிந்தும் விடியாமலும் எடுத்த படங்களில் கன்வெர்ட்டரின் லாபம் கொஞ்சம் திரும்பி வந்தது. ஆனால் விடியலில் வெளிச்சம் இல்லையே! நல்ல காற்று இருக்கும்போது ஒளி இல்லை, ஒளி இருக்கும்போது காற்று சரியில்லை. எஃப் 9-ஐ வைத்துக்கொண்டு இந்த இரண்டுக்கும் நடுவே கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஒரு துணைக் குறிப்பு: குளிர்ந்த வண்டிக்குள் இருந்து லென்ஸை எடுத்து வெயிலுக்குக் கொண்டுவந்த உடனே சுடாதீர்கள். ஹுட்டுக்குள்ளேயே காற்று கலங்கிக்கொண்டிருக்கும்.

கிட்டத்தில் இன்னொரு வரவும் உண்டு. கன்வெர்ட்டர் மாட்டினால் குறைந்தபட்ச ஃபோக்கஸ் தூரம் மாறாது. இந்த லென்ஸ் 600-ல் 2.4 மீட்டர் வரை நெருங்கும், உருப்பெருக்கம் 0.25, அதாவது சென்சாரில் விழும் உருவம் உண்மை அளவில் கால் பங்கு. அதே தூரத்தில் 1.4 போட்டால் 0.35. தட்டான் பயப்படாத தூரத்தில் நின்றுகொண்டு மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதலான உருப்பெருக்கம். மேக்ரோ லென்ஸை எடுத்துக்கொண்டு தவழ்ந்து போக வேண்டாம். சிறகின் நரம்புகள் வலைபோலத் தெரிகின்றன. இதை யாரும் முதலில் சொல்வதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஆட்டோஃபோக்கஸ் பற்றி: டிஎஸ்எல்ஆர் காலத்தில் எஃப் 8 என்றாலே பல கேமராக்கள் கையை விரித்துவிடும், நல்லவையும் நடுவில் இருக்கும் சில புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளும். மிரர்லெஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை, எஃப் 9-லும் ஓரம் வரை பிடிக்கிறது. பிடிக்கும் வேகம்தான் கொஞ்சம் மந்தம், முக்கியமாகப் பின்னணி நெருக்கமாக இருந்தால். லிமிட்டரை (ஃபோக்கஸ் தேடும் தூரத்தைக் குறுக்கும் பொத்தான்) போட்டுவிட்டால் ஓரளவு அடங்குகிறது. பறக்கும் பறவையை இன்னும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. கையில் பிடித்து எடுக்கும்போது 840-க்கு 1/1000 என்ற பழைய விதி 45 மெகாபிக்சலில் போதவில்லை. நான் 1/1600-க்குக் கீழே இறங்குவதில்லை.

இதற்கிடையே லென்ஸின் காலை (ட்ரைபாடில் பொருத்தும் அடிப்பகுதி) மாற்ற வேண்டியிருக்கிறது. கூடவே வந்த காலில் ட்ரைபாட் தலையில் நேரே மாட்ட உதவும் ஆர்க்கா ஸ்விஸ் பள்ளம் இல்லை, தகடு தனியாகத் திருக வேண்டும், அது மெதுவாகத் தளரும். பள்ளத்தோடு வரும் மாற்றுக் கால் வாங்கினால் ஒரு திருகு மிச்சம், ஒரு கவலையும் மிச்சம். கன்வெர்ட்டரைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் முதலில் மின்தொடர்புப் புள்ளிகள் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து லென்ஸோடு மாட்டி ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் வேண்டாம். உள்ளே டார்ச் அடித்துப் பூஞ்சை பார்ப்பதைச் சொல்லவே தேவையில்லை.

2 மடங்கு கன்வெர்ட்டர் ஆசையும் எட்டிப் பார்க்கிறது. 1200 மி.மீ., எஃப் 13. இறகுச் சோதனையைப் பார்த்த பிறகு பறவைக்கு அதை வாங்க மாட்டேன். நிலவுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்: ஃபோக்கல் லெங்த்தை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலவின் விட்டம் ஏறக்குறைய வந்துவிடும். 840-ல் ஏழரை மி.மீ. சொச்சம், 1200-ல் பதினொன்று. 24 மி.மீ. உயரச் சட்டத்தில் பாதிகூட நிரம்பாது. வளர்பிறையில் 840-லேயே நிறையப் படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்கிறேன். அதற்கு முன் பறக்கும் கொக்குகளின் பாக்கி ஒன்று நிற்கிறது.