அன்னபூர்ணா போன ஷூவும் அதை வாங்கிய விதமும்

நேபாளத்தில் அன்னபூர்ணா மலையின் அடிவார முகாமான பேஸ் கேம்ப்புக்கு நடந்து போகப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரே கேள்வி, பூட்ஸ் வாங்கியாச்சா என்று. கணுக்காலுக்கு மேல் ஏறுகிற கனமான தோல் பூட்ஸ் இல்லாமல் இமயமலைப் பக்கம் தலைவைத்தே படுக்கக்கூடாது என்பது போல ஒரு நினைப்பு நமக்கு. நான் ட்ரெயில் ரன்னிங் ஷூதான், அதாவது மலைப்பாதையில் ஓடுவதற்கென்று செய்கிற லேசான ஷூதான், போட்டுக்கொண்டு போனேன். ஓடுவதற்கு இல்லை, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஆள் நான். நடக்கத்தான்.

காரணம் எடை. சாதாரண ட்ரெயில் ஷூ ஒன்று 300 கிராம் சுமாருக்கு வரும், தோல் பூட்ஸ் அதைப்போல இரண்டு மடங்கு, சிலது அதற்கும் மேலே. காலில் ஒரு கிலோ கூடினால் முதுகில் ஐந்து கிலோ ஏற்றியதற்குச் சமம் என்று மலையேறுகிறவர்கள் சொல்வது வழக்கம், வழியில் வரும் சோம்ரோங் ஊரின் படிகளில் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும்போது அதில் யாருக்கும் சந்தேகம் வராது. எம்மா கேட்வுட் என்று ஒரு அமெரிக்கப் பாட்டி, 67 வயதில், 1955-இல், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார், காலில் சாதா கான்வாஸ் ஷூ. அவ்வளவு தூரம் போவானேன், நேபாளத்தில் நம் பையைச் சுமந்து வரும் தம்பிகளின் காலைப் பாருங்கள், பாதிப் பேர் உள்ளூர்த் தயாரிப்பான கோல்ட்ஸ்டார் ஷூவில் இருப்பார்கள். மெல்லிசு, மலிவு, நன்றாகப் பிடிக்கும். உள்நாட்டுப் போர்க் காலத்தில் மாவோயிஸ்டுகள் காட்டுக்குள் நடந்ததும் அதே ஷூவில்தான்.

சரி, ஷூவுக்கு வருவோம். எந்த பிராண்ட் என்று கேட்டு எனக்கு மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: உங்கள் கால் எனக்குத் தெரியாது. இந்த வழியில் ஷூவின் தரம் தெரிவது ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். 4,130 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்ப்பிலிருந்து கிளம்பினால் பெரும்பாலானவர்கள் ஒரே நாளில் பாம்பூ என்கிற தங்குமிடம் வரைக்கும் இறங்கிவிடுவார்கள், கிட்டத்தட்ட 1,800 மீட்டர் இறக்கம், அதிலும் நிறைய கல் படிகள். ஒவ்வொரு படியிலும் பாதம் ஷூவுக்குள் முன்னால் வழுக்கிப் போய் கட்டைவிரல் நகம் முன்சுவரில் இடிக்கும். ஆயிரக்கணக்கான தடவை இடித்தால் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி கறுத்துப்போகும், அப்புறம் ஊருக்கு வந்து சில வாரத்தில் நகமே கழன்று விழும். எங்கள் குழுவில் ஒருவர் விலை உயர்ந்த பூட்ஸில் வந்தவர், இன்னும் கீழே இருக்கும் ஜினு என்கிற ஊருக்கு இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் இறங்கினார்.

இதை கடையிலேயே கண்டுபிடிக்கலாம், ஆனால் கடைக்காரர் அவசரப்படுத்துவார். சாயங்காலமாகப் போங்கள், நாள் முழுக்க நின்று நடந்த கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலைக்குப் போடப்போகிற அதே சாக்ஸைப் பையில் எடுத்துப் போங்கள். காட்டன் வேண்டாம், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு அப்படியே ஈரமாக இருக்கும், கொப்புளத்துக்கு அதுவே போதும். மெரினோ கம்பளியோ சிந்தெடிக்கோ எடுங்கள்.

முதல் வேலை, ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோல் என்கிற மெத்தையை வெளியே உருவி தரையில் போட்டு அதன்மேல் ஏறி நிற்பது. நான் நின்றபோது என் சுண்டுவிரல் முழுசாக ஓரத்துக்கு வெளியே தொங்கியது. அந்த ஷூவை நான் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடைத் தம்பி விடவில்லை, "போடப் போட லூஸ் ஆயிடும்க்கா" என்றான். தோல் செருப்புக்கு அது சரி, சிந்தெடிக் துணிமேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய இந்த வகை ஷூ அப்படியெல்லாம் இளகிக் கொடுக்காது. சின்ன வயசிலிருந்து செருப்பிலும் வெறுங்காலிலும் திரிந்தவர்களுக்குப் பாதத்தின் முன்பக்கம் நன்றாக விரிந்துதான் இருக்கும், ஆனால் நிறைய மாடல்கள் முன்னால் கூம்பி வருகின்றன, பெண்களுக்கான மாடல் என்றால் இன்னும் ஒடுக்கம். அதனால் ஆண்கள் பக்கம் போய்த் தேடினேன். "லேடீஸ் செக்‌ஷன் அந்தப் பக்கம்" என்று கை காட்டினார்கள், காட்டட்டும். கால் அகலமானவர்கள் ஆல்ட்ரா, டோப்போ மாதிரி விரல் பக்கம் விசாலமாகச் செய்கிற கம்பெனிகளைப் பார்க்கலாம், ஆனால் ஆல்ட்ராவில் பெரும்பாலும் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம், பழகாதவர்களுக்குக் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் பிடித்துக்கொள்ளும். பயணத்துக்குச் சில வாரம் முன்னால் வாங்கி மெதுவாகப் பழக வேண்டும்.

நீளத்துக்கு என் கணக்கு, காலில் இருப்பதிலேயே நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலம் இடம். நீளமான விரல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். தினசரி சைஸைவிட அரை சைஸ், சில மாடலில் ஒரு சைஸ்கூட ஏறும். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்கு வாங்குங்கள். அப்புறம் லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் கால் நுனியால் நன்றாக மூன்று நான்கு உதை. விரல் இடித்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. கடையில் சாய்தளமோ மாடிப்படியோ இருந்தால் இறங்கிப் பாருங்கள், ஏறும்போது குதிகால் ஷூவுக்குள் மேலே எழும்புகிறதா என்றும் பாருங்கள்.

முன்னால் இடம் விட்டால் குதிகால் ஆடாதா என்று கேட்பீர்கள். ஷூவின் மேல்விளிம்பில், கடைசி ஓட்டைக்குப் பின்னால் கூடுதலாக ஒரு ஓட்டை இருக்கும், பலரும் அதைத் தொடுவதே இல்லை. லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கம் அந்த ஓட்டைக்குள் நுழைத்துச் சின்ன வளையமாக விட்டு, இரண்டு பக்க லேஸ் நுனியையும் எதிரெதிர் வளையத்துக்குள் விட்டு இழுத்தால் குதிகால் அப்படியே பின்னால் உட்கார்ந்துகொள்ளும், விரல்கள் சுதந்திரமாக இருக்கும். பாம்பூவுக்கு மேலே இருக்கும் தேவ்ராலியிலிருந்து இறங்கத் தொடங்கும் முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இப்படிக் கட்டினேன், ஜினு வரை நகம் இடிக்கவில்லை. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பது தனி.

அடிப்பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் ஆழமான முட்கள் பார்க்க கம்பீரமாக இருக்கும், ஆனால் அது சேற்றுக்கு. இந்த வழி நெடுக கல் படி, மத்தியான மழையில் நனைந்த வழுவழுப்பான கல். அங்கே வேலை செய்வது பிசுக்கென்று ஒட்டுகிற மென்மையான ரப்பர், முள் 3 அல்லது 4 மில்லிமீட்டர் போதும். தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே வைக்கிற கோர்டெக்ஸ் படலம் வேண்டாம் என்பது என் கட்சி. மேலே வாய் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் உள்ளேயே தேங்கும், லாட்ஜில் இரவெல்லாம் தொங்கவிட்டாலும் காயாது. வலைத்துணி ஷூ நனையும், நடக்க நடக்கக் காய்ந்தும்விடும்.

வாங்கியதும் நடந்து பார்க்க இடம் தேடியதுதான் சென்னையில் பெரிய பாடு. நம் ஊரில் படி என்றால் கோயில் படி, ஷூவைக் கீழேயே கழற்ற வேண்டும். பரங்கிமலைப் படியில் அதிகாலையில் பையோடு ஏறி இறங்கினேன், மழை நாட்களில் அப்பார்ட்மெண்ட் மாடிப்படி. எங்கேயாவது சூடாக உரசுவது போலத் தோன்றினால் அதே நிமிஷம் நின்று மெடிக்கல் ஷாப்பில் விற்கும் பேப்பர் டேப்பை ஒட்டிவிடுங்கள், அடுத்த டீக்கடை வரட்டும் என்று தள்ளிப்போட்டால் கொப்புளம் வந்திருக்கும்.

ட்ரெயில் ஷூ எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் இல்லை. அன்னபூர்ணா பேஸ் கேம்ப்புக்குச் சற்று முன்னால் வரும் மச்சாபுச்ரே பேஸ் கேம்ப்புக்கு மேலே பனி கிடக்கிற மாதங்களில் இந்த ஷூவில் போனால் கால் விறைத்துப்போகும், அப்போது தண்ணீர் புகாத பூட்ஸ்தான். கணுக்கால் ஏற்கெனவே பிசகியவர்கள், பெரிய சுமையைத் தாங்களே தூக்குகிறவர்களும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, ஷூவை செக்-இன் பையில் போடாதீர்கள், காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். பை வந்து சேராவிட்டால் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் மலைக்குக் கிளம்புகிற நகரமான பொக்காராவில் வாடகைக்கே கிடைக்கும். கடைகளில் ஷூவும் குவிந்து கிடக்கும்தான், பாதி டூப்ளிகேட், மீதியைப் பழக்க உங்களுக்கு நேரம் இருக்காது.