படஅட்டை பேச்சைத் தடுக்காது
மழலையர் வகுப்பில், பேச்சு இன்னும் வராத பிள்ளைகள் மிகவும் தவிப்பது ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தில்தான். "விளையாட்டு முடிஞ்சுது, வாங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அவர்களுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி.

என் வகுப்பில் ஒரு பையன் மணல் தொட்டியை விட்டு எழுந்திருக்கவே மாட்டான். அவனுக்கு 'முதலில், அப்புறம்' அட்டை வைத்திருக்கிறேன். இடப்பக்கம் கை கழுவும் படம், வலப்பக்கம் மணல் தொட்டி. அதாவது முதலில் கை கழுவு, அப்புறம் மறுபடி மணல். குனிந்து அவன் கண் மட்டத்தில் காட்டிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயே திறக்க மாட்டேன். அந்த இடைவெளிதான் முக்கியம். அவசரப்பட்டு மறுபடி சொன்னால் அவன் முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

1985இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய பெக்ஸ் (PECS) என்ற படப் பரிமாற்ற முறையில், பிள்ளையே படத்தை எடுத்து நம் கையில் கொடுத்துக் கேட்கப் பழகுகிறது. இதனால் பேச்சே வராமல் போய்விடுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பயம் நியாயம்தான், ஆனால் ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

அப்புறம், அட்டைகளை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். கை எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். தண்ணீர்ப் படம் நம் மேசைக்குள் இருந்தால் பிள்ளை எதைக் காட்டித் தண்ணீர் கேட்கும்?